வெள்ளிக்கிழமைப் பூசையில் இரண்டு பெயர்கள்

அந்த ஆங்கிலப் பெண் கோவிலுக்குள் வந்தபோது செலஸ்ரீனா பீடத்துக்கு முன்னால் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்துக்குப் பின்னால், கப்பல் சங்கு கேட்கிற தூரத்தில், மாடி வீடுகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்கிற சின்னக் கத்தோலிக்கக் கோவில் அது. சுற்றுலாக்காரர்கள் வழி தவறித்தான் அங்கே வருவார்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டு, பேராலயத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்தப் பெண் படம் எடுக்கவில்லை. கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கப் பீடத்துக்கு முன்னாலும் நின்று, தரையையே பார்த்துக்கொண்டு வந்தார். அறுபது வயது இருக்கும். ஈரத் தரைக்கு வந்ததும் காலை வைக்காமல் நின்று, நடக்கலாமா என்று கண்ணால் கேட்டார். அதனாலேயே செலஸ்ரீனாவுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

செலஸ்ரீனா மன்னார் பேசாலையில் பிறந்தவள். பலேர்மோவுக்கு வந்து பதினான்கு வருடம். கிழமையில் நான்கு நாள் ஒரு வயதான சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் இந்தக் கோவில் வேலை. மடத்துப் பள்ளியில் படித்த ஆங்கிலம் துருப்பிடித்துக் கிடந்தாலும் போய்விடவில்லை. ஆகவே அவர் தப்பும் தவறுமான இத்தாலிய மொழியில் தொடங்கியதும், ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள் என்றாள்.

பெயர் ஜூடித் பார்மர் என்றார். இங்கிலாந்தின் மேற்குப் பக்கம் ஒரு சிறிய ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊர்க்காரர் ஒருவர், தோமஸ் வெல்லர் என்ற துணி வியாபாரி, கம்பளித் துணி ஏற்றிக்கொண்டு சிசிலிக்கு வந்து சர்க்கரை வாங்கிப் போய்க்கொண்டிருந்தவர், 1521இல் பலேர்மோவில் இறந்துபோனார். கப்பல்கள் நிற்கும் இடத்துக்கு அருகே ஒரு கோவிலில் தன்னைப் புதைக்கும்படி எழுதிவைத்த பத்திரம் இங்கிலாந்தில் இருக்கிறது. அந்தக் கோவில் எது என்றுதான் நான்கு நாட்களாகத் தேடுகிறார்.

கல்லில் எழுதியிருக்குமா என்று செலஸ்ரீனா கேட்டாள். இருக்கலாம் என்றார் ஜூடித். செலஸ்ரீனா துடைக்கிற தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவரை இடது பக்கக் கடைசி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு காலத்தில் பீடம் இருந்த சின்ன அறை அது. இப்போது வாளிகள், பிளாஸ்டிக் கதிரைகள், பழைய உடுப்பு அலுமாரி எல்லாம் அங்கேதான். அலுமாரிக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்குத் தரைக்கல் தெரியும். அதில் எழுத்து இருப்பது ஆறு வருடமாகத் துடைக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அது யாருடைய கல் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

இருவரும் கதிரைகளை எடுத்து வெளியே வைத்தார்கள். ஜூடித் முழங்காலில் நின்று விரலால் தடவித் தடவி வாசித்தார். தோமஸ் வெல்லர். அடுத்த சொல், ஆங்கிலேயன். அதற்கு அடுத்தது, வியாபாரி. மீதி அலுமாரிக்குக் கீழே போய்விட்டது.

ஜூடித் சிறிது நேரம் எழும்பவேயில்லை. பிறகு எழுந்து, வாளிகளையும் அலுமாரியையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எங்கள் ஊர்க் கோவிலிலும் இதே ஆள் கட்டிய ஒரு பக்கச் சிற்றாலயம் உண்டு, அதில் இப்போது தேநீர்ப் பாத்திரங்களும் ஒரு பழைய போட்டோகொப்பி இயந்திரமும் நிற்கின்றன என்றார்.

அந்தச் சிற்றாலயம் எதற்கு என்று செலஸ்ரீனா கேட்டாள். அப்போதுதான் சான்ட்ரி என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டாள்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில், ஜூடித் சொன்னார், வசதியுள்ள ஒருவர் தன் நிலத்தில் ஒரு துண்டைக் கோவிலுக்கு எழுதிவைப்பார். அதன் வருமானத்தில் ஒரு குருவானவர் வாழ்வார். அவருக்கு இருந்த முதல் வேலை, எழுதிவைத்தவரின் ஆன்மாவுக்காகப் பூசை வைப்பது. இத்தனை வருடத்துக்கு என்றல்ல, உலகம் முடியும்வரை. அந்த ஏற்பாட்டுக்கும் பெயர் சான்ட்ரி, அந்தப் பீடத்துக்கும் பெயர் சான்ட்ரி. பாடுவது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

"கந்தாரே," என்று அதையே இத்தாலிய மொழியில் சொன்னாள் செலஸ்ரீனா.

"அதேதான்," என்றார் ஜூடித்.

நிலம் இல்லாத ஏழைகள் என்ன செய்தார்கள் என்பது செலஸ்ரீனாவின் அடுத்த கேள்வி. அவர்கள் சேர்ந்து சங்கம் வைத்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு குருவை வைத்துக்கொண்டார்கள். அதுவும் முடியாதவர்களின் பெயர்களை ஒரு நீளப் பட்டியலில் எழுதி ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்தார்கள். மோட்சம் போகுமுன் ஆன்மா பாவம் கழுவுகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்பவரின் பெயரை யாராவது சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும், அதுதான் முக்கியம். இந்தக் குருமார் சும்மாவும் இருக்கவில்லை. பல ஊர்களில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஜூடித் வேலை பார்த்த பள்ளிக்கூடமே வெல்லருடைய சான்ட்ரிக் குரு நடத்திய வகுப்பிலிருந்து வளர்ந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு.

"இப்பவும் அங்க பூசை வைக்கினமோ?"

இல்லை என்று ஜூடித் தலையசைத்தார். 1547இல், பத்து வயதுப் பையன் ஒருவன் அரசனாக இருந்தபோது, சட்டம் போட்டு எல்லாச் சான்ட்ரிகளையும் ஒழித்தார்கள். உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்றே கிடையாது என்பது புதிய கொள்கை. நிலங்கள் அரசுக்குப் போயின. ஆயிரக்கணக்கான பெயர்கள் ஒரே வருடத்தில் வாசிப்பாரற்றுப் போயின.

1512இல் உலகம் முடியும்வரை என்று எழுதிவைத்தவருக்கு அங்கே கிடைத்தது வெறும் முப்பத்தைந்து வருடம். பலேர்மோவிலும் அவர் ஒரு பூசைக்கு எழுதிவைத்திருந்தார், அதற்கு எவ்வளவு கிடைத்தது என்று தெரிந்துகொள்ளத்தான் ஜூடித் வந்திருந்தார்.

செலஸ்ரீனாவுக்கும் தெரிந்துகொள்ளவேண்டும் போல இருந்தது. அன்று மாலை தான் குடியிருக்கிற கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிற நாகபூசணி அக்காவிடம் அதைத்தான் கதைத்தாள். நாகபூசணி யாழ்ப்பாணத்துச் சைவம். ஆனாலும் தமிழ்ப் பெண்கள் கூடுகிற இடம் என்று வெள்ளிக்கிழமைப் பூசைக்கு அநேகமாக வந்து பின்வரிசை வாங்கில் இருப்பவள். முழுவதையும் கேட்டுவிட்டு, காய வைத்த உடுப்பை மடித்தபடியே சொன்னாள்:

"எங்கட பக்கம் மூண்டு தலைமுறைக்குத்தான் பிண்டம். அப்பா, அப்பப்பா, பூட்டன். அதுக்கு அங்கால போனவை எல்லாரும் ஒண்டாக் கலந்திடுவினம். பேர் சொல்லத் தேவையில்லை. இந்த மனுசன் என்ன, உலகம் முடியுமட்டும் கேட்டிருக்கு?"

"பயமாக்கும் அக்கா."

"பயமோ, இல்லாட்டி வெளியூரிலை சாகப்போறன் எண்ட கவலையோ," என்றாள் நாகபூசணி.

ஜூடித் அந்தக் கிழமை முழுவதும் சுவடிக்கூடத்தில் இருந்தார். ஆயர் இல்லத்துப் பழைய பதிவுகளைப் பார்க்க அனுமதி வாங்கி, வெல்லர் என்ற பெயரைத் தேடினார். 1530 வரை இருந்தது. பிறகு இல்லை. கோவில் குருவான தொன் கார்மேலோவைக் கேட்டபோது அவர் கைகளை விரித்தார். இப்படிப்பட்ட நிரந்தரப் பூசைகள் ஊர் முழுக்க ஆயிரக்கணக்கில் இருந்தன, பெரும்பாலானவற்றை ஆயர்களே வெட்டிக் குறைத்துவிட்டார்கள், இதெல்லாம் முடிந்துபோன விடயம் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் எழுபத்தொரு வயது, முழங்கால் வலி, கூரை ஒழுக்கு. செத்துப்போன ஆங்கிலேயருக்கு அவரிடம் நேரம் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை செலஸ்ரீனா தன் கணவர் பிறின்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மொண்டெல்லோவில் கடற்கரை உணவகம் ஒன்றில் சமையல் வேலை அவருக்கு. பருவம் முடிந்து ஆட்களைக் குறைத்திருந்ததால் வீட்டில் இருந்தார். தொன் கார்மேலோவின் அனுமதியோடு அலுமாரியின் ஒரு பக்கத்தைப் பிறின்ஸும் மறுபக்கத்தை இரண்டு பெண்களுமாகப் பிடித்து நகர்த்தினார்கள். ஐம்பது வருடத் தூசி. அதைச் செலஸ்ரீனா ஈரத்துணியால் துடைத்து எடுத்ததும் மிச்ச எழுத்து தெரிந்தது. ஜூடித் வாசித்துச் சொன்னார். தனக்கும் தன் மனைவி அக்னஸுக்குமாக, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், இந்தப் பீடத்தில், உலகம் உள்ளவரை பூசை.

"வெள்ளிக்கிழமையோ?" என்று பிறின்ஸ் கேட்டார். "இஞ்சை வெள்ளிக்கிழமைப் பூசை இருக்குத்தானே."

அது எல்லாக் கோவிலிலும் இருக்கும் என்று செலஸ்ரீனா சொல்லிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமைக் காலை ஏழு மணிப் பூசைக்கு வழக்கம்போலப் பதினொரு பெண்கள் வந்திருந்தார்கள். எட்டுப் பேர் தமிழ்ப் பெண்கள், வேலைக்குப் போகிற வழியில் வருபவர்கள். தொன் கார்மேலோ வேகமாகவே பூசை வைப்பார். நடுவில், இறந்தவர்களை நினைக்கிற இடத்தில், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வெள்ளியும் சொல்வதையே அன்றும் சொன்னார்: தொமாசோ வில்லாவுக்காகவும் அஞ்ஞேசேக்காகவும், இறந்த எல்லா விசுவாசிகளுக்காகவும்.

ஆறு வருடமாகச் செலஸ்ரீனா கேட்கிற பெயர்கள். தொன் கார்மேலோ சுவாமியின் தாயும் தகப்பனும் என்றுதான் நினைத்திருந்தாள். தமிழ்ப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பெற்றோரை ஒரு கிழமையும் மறக்காத பிள்ளை என்று அவரைப் பற்றித் தங்களுக்குள் மெச்சிக்கொண்டதும் உண்டு. அன்று அஞ்ஞேசே என்ற பெயர் அவள் காதில் நின்றுவிட்டது. அக்னஸை இத்தாலியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தோமஸைத் தொமாசோ என்பார்கள். வில்லா மட்டும் பொருந்தவில்லை. நற்கருணை வாங்கப் போகும்போதும் அதே நினைவுதான். பராக்குப் பார்த்ததற்காக மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் குரு உடுப்பு மாற்றும் அறைக்குப் போனாள்.

"சுவாமி, உங்கட அப்பா பேர் தொமாசோவா?"

தொன் கார்மேலோ ஆச்சரியமாகப் பார்த்தார். "இல்லை. சல்வாத்தோரே. ஏன்?"

"அப்ப இந்தத் தொமாசோ வில்லா ஆர்?"

அவர் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். இந்தப் பகுதியில் பழைய குடும்பம் ஏதோ, கோவிலுக்கு உதவி செய்தவர்கள் என்று நினைத்திருந்தாராம். அவருக்கு முன்னிருந்த குரு சொன்னார், ஆகவே இவரும் சொல்கிறார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். கோவிலின் வருடாந்தப் பூசை அட்டவணை. ஒவ்வொரு டிசம்பரிலும் பழைய கொப்பியைப் பார்த்துப் புதியதில் எழுதுவார்கள். வெள்ளி என்ற இடத்தில் எல்லாம் அந்த இரண்டு பெயர்கள். அந்த அறை அலுமாரியின் அடித்தட்டில் அதற்கு முந்திய கொப்பிகள் கிடந்தன. 1988. 1961. 1934. கை மாறியது, மை மாறியது, பெயர்கள் மாறவில்லை. 1902ஆம் ஆண்டுக் கொப்பியில் மட்டும் வில்லா என்பதற்குப் பதில் வெல்லா என்று இருந்தது.

தொன் கார்மேலோ கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு, அந்த ஆங்கிலச் சிஞ்ஞோராவைக் கூப்பிடு என்றார்.

ஜூடித் அரை மணித்தியாலத்தில் வந்தார். கொப்பிகளைப் பார்த்தார். 1902இல் விரலை வைத்து, வெல்லர், வெல்லா, வில்லா என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சுவடிக்கூடத்தில் வெல்லா என்ற பெயரை எத்தனையோ இடத்தில் கண்டும், சிசிலியில் சாதாரணமாக உள்ள பெயர்தானே என்று தாண்டிப் போனதாகச் சொன்னார். அன்றே திரும்பிப் போய்த் தேடினார். 1588. 1640. 1703. 1781. சங்கிலி அறுபடவில்லை.

"எங்கட ஊரிலே நானூற்று எழுபது வருஷத்துக்கு மேலே இவர் பேரை ஒருத்தரும் ஜெபத்தில் சொல்லவில்லை," என்றார் மறுநாள் செலஸ்ரீனாவிடம். "இங்கே ஒரு வெள்ளிக்கிழமையும் விடாமல் சொல்லியிருக்கிறார்கள். ஆர் என்று தெரியாமலே சொல்லியிருக்கிறார்கள்."

அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசைக்கு ஜூடித் வந்து நாகபூசணிக்குப் பக்கத்தில் பின்வரிசை வாங்கில் இருந்தார். தொன் கார்மேலோ பெயர்களைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார். அவர் பெரிய பக்திமான் அல்ல. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் கோவிலுக்குப் போகிறவர் என்று அவரே சொல்லியிருந்தார். பூசைக்குப் பிறகு செலஸ்ரீனாவைக் காப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு பையைத் திறந்து, வெல்லர் தன் ஊரில் சான்ட்ரி வைத்தபோது எழுதிய பத்திரத்தின் பிரதியை எடுத்துச் செலஸ்ரீனாவுக்குக் காட்டினார். பழைய ஆங்கிலம். ஒரு வரியை மட்டும் இன்றைய ஆங்கிலத்தில் சொன்னார். நான் உயிரோடிருக்கும் காலமெல்லாம் என் நலத்துக்காகவும், நான் இவ்வுலகை விட்டுப் போனபின் என் ஆன்மாவுக்காகவும்.

செலஸ்ரீனா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

"உயிரோட இருக்கிற ஆளுக்கும் அதே பூசையோ?"

அதே பூசை, அதே பெயர், அதே குரு என்றார் ஜூடித். எழுதிவைத்தவர் எப்போது இறந்தார் என்று குருவுக்கு உடனே தெரியாமலும் போகலாம். வெல்லர் பலேர்மோவில் இறந்த செய்தி ஊருக்குப் போய்ச் சேர ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதமும் குரு அவருடைய நலத்துக்காகத்தான் பூசை வைத்திருப்பார். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

செலஸ்ரீனா அன்று கோவில் வேலையைப் பிந்தித்தான் தொடங்கினாள். அவளுடைய தமையன் றொஜர் 2007இல் பேசாலையிலிருந்து கடலுக்குப் போனவன். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. நவம்பர் மாதம் தொடங்கும்போது இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கோவில் பெட்டியில் போடுவது எல்லாரும் செய்வது. செலஸ்ரீனா அப்பாவின் பெயரை எழுதுவாள், பெரியம்மாவின் பெயரை எழுதுவாள். றொஜரின் பெயரில் பேனா நின்றுவிடும். அவன் செத்துவிட்டான் என்று யார் சொன்னது என்று ஊரில் அம்மா கேட்பாள். பெயரை எழுதினால் மகனைக் கொன்றது போல. எழுதாமல் விட்டால் அவனுக்கு ஒருவரும் ஜெபிக்காமல் விட்டது போல. இரண்டுக்கும் நடுவில் பதினேழு வருடம் போயிருந்தது.

ஞாயிறு மதியம் அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தாள். முதலில் ஆங்கில வியாபாரியின் கதையைச் சொன்னாள். அம்மா ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல விடயத்துக்கு வந்தாள்.

"அம்மா, நான் செத்தவனெண்டு எழுதப்போறேல்லை. உயிரோட இருந்தா அவன்ரை சுகத்துக்கு. இல்லையெண்டா ஆன்மாவுக்கு. ரெண்டும் ஒரே பூசையிலை."

அம்மாவுக்குப் பின்னால் சேவல் கூவுவது கேட்டது.

"அப்பிடி ஒரு பூசை இருக்கோ?"

"முந்தி இருந்திருக்கம்மா. அவை அப்பிடித்தான் எழுதி வச்சிருக்கினம்."

"சுவாமி சம்மதிப்பாரோ?"

"கேக்கிறன்."

"பேரைச் சரியா வாசிக்கச் சொல்லு. ஜெரோம் றொஜர். அப்பான்ரை பேரை விட்டிட வேண்டாம். ஒரே பேரிலை எத்தினை பேர் இருப்பினம்," என்றாள் அம்மா.

தொன் கார்மேலோ சம்மதித்தார். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு இந்தத் துறைமுகத்தில் எத்தனையோ தாய்மார் இதையே கேட்டிருப்பார்கள், எங்களுக்குத்தான் வார்த்தை தெரிந்திருக்கவில்லை என்றார். இறந்தோர் நினைவு நாளான நவம்பர் இரண்டாம் தேதி, கடைகள் எல்லாம் சர்க்கரைப் பொம்மைகளும் பாதாம் மாவில் செய்த மர்த்தொரானாப் பழங்களுமாக இருந்த அந்த நாளில், பெட்டியிலிருந்த பெயர்களை அவர் வாசித்து முடித்து, ஒரு கணம் நிறுத்தி, தனியாக அந்தப் பெயரை வாசித்தார். ஜெரோம் என்பதை ஜெரோலமோ என்று சொல்லிவிட்டார். அதற்காகச் செலஸ்ரீனா வருந்தவில்லை. பிறின்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்தபோது அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பசித்தது. இருவரும் தெருமுனையில் நின்று சுடச்சுட அரஞ்சினி என்கிற பொரித்த சோற்று உருண்டை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஜூடித் ஊருக்குப் போன பிறகு, நவம்பர் கடைசியில், தொன் கார்மேலோ செலஸ்ரீனாவைக் கூப்பிட்டு இரண்டு செய்திகள் சொன்னார். வெல்லருடைய கல்லைப் பற்றி ஆயர் இல்லத்துக்கு எழுதியிருந்தார், அதற்குப் பதில் வந்திருக்கிறது. வெல்லர் விட்டுப்போன வீடும் தோட்டமும், 1866இலும் அடுத்த வருடமும் இத்தாலிய அரசு கோவில் சொத்துகளை எடுத்தபோது போய்விட்டன. இங்கிலாந்துக்கு வந்தது இங்கேயும் வந்திருக்கிறது, முந்நூறு வருடம் பிந்தி. அதற்குப் பிறகு அப்போதைய ஆயர் அந்தப் பூசைக் கடமையையே முறைப்படி நீக்கிவிட்டார். கடிதம் இருக்கிறது, முத்திரையோடு.

"அப்ப நூற்றைம்பது வருஷமா ஏன் சொன்னவை?"

"நீக்கின கடிதத்தை ஒருத்தரும் கொப்பியில் எழுதவில்லை," என்றார் அவர். "கொப்பியைப் பார்த்துக் கொப்பி எழுதினார்கள். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். செலஸ்ரீனாவும் சிரித்தாள். இரண்டாவது செய்தி சிரிக்கக்கூடியதல்ல. குருமார் போதாததால் அவருக்கு இன்னும் இரண்டு கோவில்களைக் கொடுத்திருக்கிறார்கள். புதுவருடத்திலிருந்து இங்கே கிழமை நாள் பூசை இல்லை, ஞாயிறு மட்டும்தான். வெல்லருக்குக் கடமை இருந்திருந்தால் ஆயரிடம் அதைச் சொல்லி வெள்ளியைக் காப்பாற்றலாம் என்று நம்பியிருந்தார். இப்போது அதுவும் இல்லை.

செலஸ்ரீனா வழக்கமாக எதிர்த்துப் பேசுகிறவள் அல்ல. வேலை செய்கிற இடத்தில் கேட்டதற்குப் பதில் சொல்லி, கேட்காததற்கு வாய் திறக்காமல் பதினான்கு வருடம் இருந்தவள். அன்று அவள் போகாமல் நின்றாள்.

"சுவாமி, பூசை உங்கட வேலை. அதை நாங்கள் செய்யேலாது. பேர் சொல்லிச் செபிக்க எங்களாலை ஏலும். கோவில் திறப்பு என்னட்டை இருக்கு. ஏழு மணிக்கு நாங்கள் எப்பிடியும் இந்தப் பக்கத்தாலைதான் வேலைக்குப் போறம்."

அவர் நாடியைத் தடவிக்கொண்டு அவளைப் பார்த்தார். மாதத்தின் முதல் வெள்ளி எப்படியாவது வந்து பூசை வைக்கிறேன் என்றார் கடைசியில். மற்ற வெள்ளிகளில் நீங்கள் செபமாலை சொல்லுங்கள், தமிழிலேயே சொல்லுங்கள். பிறகு புதுக் கொப்பியை அவள் பக்கம் தள்ளி, என் கண் மங்கிவிட்டது, இந்த வருடம் நீயே எழுது என்றார்.

எழுத உட்கார்ந்தபோது ஒரு சிக்கல். வில்லா என்று எழுதுவதா, வெல்லர் என்று எழுதுவதா? சரியான பெயரைத்தான் எழுதவேண்டும் என்று ஜூடித் தொலைபேசியில் உறுதியாகச் சொன்னார். நாகபூசணிக்கு வேறு கருத்து. இவ்வளவு காலமும் வில்லா என்று சொல்லித்தானே அந்த மனுசனுக்குப் போய்ச் சேர்ந்தது, இப்ப மாத்தினா ஆரோ வேற ஆள் எண்டு நினைச்சிடுவினம் என்றாள். செலஸ்ரீனா இரண்டையும் எழுதினாள். ஐம்பத்திரண்டு வெள்ளிகளுக்கும் எழுதி முடிக்க ஒரு பகல் முழுவதும் போயிற்று. இடையில் இரண்டு தடவை எழும்பிப் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு வந்தாள். அலுமாரி இப்போது வேறு சுவரோடு நின்றது.

ஜனவரியில் முதல் செபமாலைக்கு ஆறு பேர் வந்தார்கள். மார்ச்சில் பதினாறு ஆயிற்று. பகேரியாவிலிருந்து இரண்டு பெண்கள் முதல் ரயிலில் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் எழுத முடியாமல் வைத்திருந்த பெயர்கள் இருந்தன. உயிரோடிருந்தால் நலத்துக்கு, இல்லையென்றால் ஆன்மாவுக்கு. அந்த வார்த்தைகளைச் செலஸ்ரீனா ஒவ்வொரு கிழமையும் சத்தமாகச் சொன்னாள். பட்டியல் நீண்டது.

அடுத்த நவம்பரில் ஜூடித்திடமிருந்து நீண்ட மின்னஞ்சல் வந்தது. அவர் ஊர்க் கோவில் குரு முதலில் தயங்கினாராம். தங்கள் சபையில் சான்ட்ரி என்ற பேச்சே நானூறு வருடமாக இல்லை என்றாராம். ஆனால் இறந்தோரை நினைக்கும் நாளில் வெல்லரின் பெயரையும் அக்னஸின் பெயரையும் வாசிக்க ஒத்துக்கொண்டார். தேநீர்ப் பாத்திரங்களை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தச் சிற்றாலயத்திலேயே நின்று வாசித்தார். நான்கு பேர் வந்திருந்தார்கள், அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

செலஸ்ரீனா அதை இரண்டு தடவை வாசித்தாள். பேருந்தில் வேலைக்குப் போகும்போது கைபேசியில் பதில் எழுதினாள். மகிழ்ச்சி என்று எழுதினாள், எல்லாரும் சுகம் என்று எழுதினாள். பிறகு, வெகுநாளாகக் கேட்க நினைத்திருந்ததையும் எழுதினாள். அக்னஸ் எங்கே புதைக்கப்பட்டா? அவா இஞ்சை ஒருக்காலாவது வந்தவவா, இல்லை, அங்கேயே இருந்து அவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவவா?

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. தெரியவில்லை, யாரும் தேடியதில்லை, நாளைக்கே தொடங்குகிறேன் என்று ஜூடித் எழுதியிருந்தார்.